எலும்பைத் தின்றது யார்?

1

தேசப்பன் வலைக் கயிற்றை அறுத்தான்.

முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. கத்தியை வைத்து ஒரே இழுப்பு. பாதி வலை படகில், மீதி கடலில். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் தூரத்தில் கட்டைவிரல் உயரத்துக்குத் தெரிந்தது. எஞ்சினைச் சுண்டி உயிர்ப்பித்தான்.

"மாமா! இன்னா பண்ற? புது வலை மாமா!" படகின் முன்பக்கத்திலிருந்து மச்சினன் தீனா கத்தினான்.

"போனா போவட்டும். மெதப்பு கீது, பின்னால வர்ற போட்டு எடுத்துக்கும். மணி இன்னாடா?"

"எட்டு பத்து."

"உங்க அக்கா ஒம்போது மணிக்கு டீ குடிப்பா. டீயோட மாத்திர போடுவா. போன் போட்றா அவளுக்கு!"

"போட்டுகினேதான் கீறேன். எடுக்கல. மீனு வெட்டிகினு இருக்கும், கையெல்லாம் செதிலு."

தேசப்பன் எஞ்சினை இன்னும் முறுக்கினான். அதற்கு மேல் முறுக்க அதில் ஒன்றும் இல்லை.

2

நிறுத்துங்கள். படகு போகட்டும், கரைக்கு இன்னும் முக்கால் மணி இருக்கிறது. அதற்குள் ஓர் ஒப்புதல்.

இந்தக் கதை கடலில் பிறக்கவில்லை. ஒரு போன் அழைப்பில் பிறந்தது. வாரப் பத்திரிகை ஆசிரியர் சிவராம் கூப்பிட்டார். "எட்டு வாரத் தொடர் சார். டாக்டர் த்ரில்லர். வில்லன் வெளியில இருக்கக் கூடாது, உடம்புக்குள்ளயே இருக்கணும்." எட்டு வாரம், எட்டு 'தொடரும்'. முப்பது வருடமாக இதே பிழைப்பு. சரி என்றேன்.

உடம்புக்குள் யாரை வில்லனாகப் போடுவது? முடக்குவாதத்தில் எலும்பு அரிக்கப்படுகிறது என்று எங்கோ படித்த ஞாபகம். அரிப்பது யார்? செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மூட்டுவாத மருத்துவர் கோதையின் கிளினிக் இருக்கிறது. சில வாரங்கள் சனிக்கிழமை தோறும் போய், நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் கேள்வி கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

[முதல் தொடக்கம்: "அந்த மூட்டுக்குள் நுழைந்த கொலைகாரனுக்கு முகமில்லை." அடித்துவிட்டேன். செல்லுக்கு முகம் ஏது?]

[இரண்டாம் தொடக்கம்: "டாக்டர் கோதை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டபோது..." இதுவும் போச்சு. என் தொடர்களில் டாக்டர்கள் ஓயாமல் கண்ணாடியைக் கழற்றுவார்கள். கோதை கண்ணாடியே போடுவதில்லை.]

மூன்றாம் சனிக்கிழமை, பத்தரை மணிக்கு, கடல்நீரில் நனைந்த லுங்கி இன்னும் காயாமல் ஒரு மனிதர் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர்தான் தேசப்பன். பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதைப் பிற்பாடு அவரே சொன்னார். எழுதிக்கொள்ளவும் சம்மதித்தார், "படகு பேரு மட்டும் போடாத சார்" என்ற ஒரே நிபந்தனையோடு.

3

வலையை அறுத்ததற்குக் காரணம் இரண்டு காலி அட்டைகள். மாத்திரை அட்டைகள்.

தேசப்பனின் மனைவி வச்சலா கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் மீன் விற்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் கை மடங்காது. குப்பத்தில் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: ஐஸ் பெட்டி. ஐஸில் கை வைக்கிறவளுக்குக் கை விறைக்காமல் என்ன செய்யும்? ஐஸை விட்டுப் பார்த்தாள். வீக்கம் விடவில்லை. கோதையிடம் வந்து சேர்ந்தபோது எக்ஸ்ரேயில் நடுவிரல் எலும்பின் ஓரம் ஒரு கடி. எலி கடித்த தேங்காய்ப் பத்தை மாதிரி இருந்தது என்று தேசப்பன் சொன்னான்.

மருந்து எழுதினார் கோதை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மாத்திரை. வாரத்துக்கு ஒரே நாள். அது தவிர ஒரு சத்து மாத்திரை, தினம் ஒன்று. வார மாத்திரையைத் தினம் போட்டால் உடம்பில் ரத்தம் ஊறுவதே நின்றுபோகும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார். தேசப்பன் அதை மறக்கவே இல்லை.

பிறகு எப்படி நடந்தது?

போன ஞாயிறு காலை, வச்சலா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அலமாரியில் ஒரு சத்து மாத்திரை அட்டை, அதன் ஓரத்தில் பல் தடம். விரலால் அழுத்த முடியாத நாட்களில் அவள் அட்டையைப் பல்லால் கிழிப்பாள். இப்போது ஒன்றரை மாதமாகக் கை வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. மருந்து கேட்டுவிட்டது என்று தேசப்பனுக்குச் சந்தோஷம். ஆனாலும் அந்தப் பல் தடம் அவனை என்னவோ செய்தது. உட்கார்ந்து அலமாரியிலிருந்த இரண்டு அட்டைகளையும் பிதுக்கி எல்லா மாத்திரையையும் எடுத்தான். மஞ்சள், குட்டி, வட்டம்.

கரையில் மீன் பிரிக்கிற கை அது. அளவும் நிறமும் ஒன்றாக இருந்தால் ஒரே கூடை. இருபது வருடப் பழக்கம். இரண்டு அட்டையும் சத்து மாத்திரை என்றே நினைத்தான்.

ஒரே டப்பாவில் போட்டு மூடினான். காலி அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், கடையில் காட்டி வாங்க. வச்சலா வந்ததும் டப்பாவை நீட்டினான். "இனிமே பல்லால கடிக்கத் தேவயில்ல." அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆறு நாள் கழித்து, படகில், பீடிக்காகப் பையைத் துழாவினான். அட்டைகள் விழுந்தன. தொழிற்பயிற்சி படித்த தீனா எடுத்துப் பார்த்தான்.

"ரெண்டும் வேற வேற பேரு மாமா. இதுல வாரத்துக்கு ஒருவாட்டின்னு பேனாவால எழுதிகீது. ரெண்டையும் எதுல போட்ட?"

தேசப்பன் கத்தியை எடுத்தான்.

4

படகு வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் என் வில்லனைப் பற்றி.

முதல் சனிக்கிழமையே கேட்டுவிட்டேன். "எலும்பைத் தின்கிற செல்லைக் காட்டுங்க டாக்டர்."

கோதை கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். பெரிய, கோணல்மாணலான ஓர் உருவம். உள்ளே ஏழெட்டுப் புள்ளிகள். "ஒவ்வொரு புள்ளியும் ஒரு உட்கரு. இது ஒருத்தர் இல்ல சார். பல பேர் சேர்ந்து ஒரே உடம்பா ஆனது. எலும்பு மேல உட்கார்ந்து, ஓரத்தைச் சுத்தி சீல் வச்சுடும். உள்ள அமிலத்தை விடும். எலும்பு கரையும்."

"சேர்ந்தவங்க யாரு?"

"காவல்காரங்க. கிருமியை விழுங்குற வெள்ளை அணுக்கள் இருக்கே, அதோட சொந்தக் குடும்பம்."

பேனா நின்றது. "சரி, யார் கட்டளை குடுக்கறது?"

"அதுவும் காவல் படைதான். முடக்குவாதத்துல டி செல்கள் மூட்டுச் சவ்வுல வந்து கூடிடும். சொந்த மூட்டையே எதிரின்னு நினைச்சுக்கும். அதுங்களும் சவ்வுல இருக்கிற செல்களுமா சேர்ந்து ரசாயனத்துல குரல் குடுக்கும். வாங்க, தின்னுங்கன்னு."

"வில்லன் கிடைச்சாச்சு!" என்றேன். என் தலைக்குள் அப்போதே தலைப்பு ஓடியது: [காக்கிச்சட்டைக்குள் ஒரு—] வேண்டாம்.

"இருங்க சார். இந்தத் தின்கிற செல் இல்லைன்னா நீங்க எழுந்து நிக்க முடியாது. பழைய எலும்பை அது தின்னு எடுக்கும். பின்னாடியே கட்டுற செல்கள் வந்து புதுசா பூசும். தூங்கும்போதும் நடக்கும். சுமார் பத்து வருஷத்துல உங்க எலும்புக்கூடு பெரும்பாலும் புதுசாயிடும். நோய்ல என்ன ஆகுதுன்னா, தின்கிறவனுக்குக் கட்டளை மேல கட்டளை. கட்டுறவனுக்குத் தடை."

நான் மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன் வந்த ஒரு தொடரை உட்கார்ந்து எழுதியது வேறு எலும்புக்கூடு.

"இவங்க எல்லாரும் எங்க பிறக்கிறாங்க டாக்டர்?"

கோதை சிரித்தார். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் போல. "எலும்புக்குள்ள. மஜ்ஜையில."

காவல்காரன் பிறந்தது எலும்புக்குள். காவலுக்குப் போவது ரத்தத்தில். ஆள் மாறாட்டத்தில் திரும்பி வந்து தின்பது பிறந்த வீட்டுச் சுவரை. முப்பது வருடமாகத் திருப்பங்களை விற்றுப் பிழைக்கிறேன். இப்படி ஒன்றை எனக்குக் கற்பனை செய்யத் தெரிந்திருக்காது.

[இங்கே ஓர் உவமை வந்து நின்றது: உளி, சிலை. மாமல்லபுரத்தைப் பற்றி எழுதுகிற எவனும் உளியை விடுவதில்லை. நான் விட்டுவிட்டேன்.]

வார மாத்திரை செய்வதும் அங்கேதான். அது காவல் படை பெருகும் வேகத்தைக் குறைக்கிறது. வாரம் ஒரு முறை என்றால் படை அடங்கும். தினம் என்றால் மஜ்ஜையே கை ஓய்ந்துவிடும். ஏழு அத்தியாயத்தை ஒரே வாரத்தில் போட்டால் வாசகர் தாங்குவார். உடம்பு தாங்காது.

இப்போது தெரிகிறதா, தேசப்பன் ஏன் அந்த எஞ்சினை அப்படி முறுக்கினான் என்று?

5

எட்டு ஐம்பத்தைந்து. படகு மணலில் ஏறும் முன்பே குதித்தான். சவுக்குத் தோப்பைக் குறுக்கே ஓடினான். சாலையில் ஒரு கார் கிறீச்சிட்டது. ஓட்டியவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வச்சலா கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ கிளாஸை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே சென்னைக்காரர் ஒருவர் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். டப்பா அவள் மடியில், திறந்து.

தேசப்பன் டீயைத் தட்டிவிட்டான். கிளாஸ் போய் ஐஸில் விழுந்தது.

"வாயத் தொற!"

"இன்னாய்யா?"

"வாயத் தொறடி! முழுங்கிட்டியா?"

"யோவ், பைத்தியமா புச்சிகினு கீது உனக்கு? யாவாரத்து நேரத்துல!"

"சார், மீன் நல்லாருக்கா இல்லையா?" என்றார் சென்னைக்காரர், யாரிடம் கேட்பது என்று தெரியாமல்.

மூச்சு வாங்க வாங்கத் தேசப்பன் சொல்லி முடித்தான். ரெண்டு மாத்திரை. ஒரே டப்பா. ஆறு நாள். வார மாத்திரை. ரத்தம். சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது. "நான்தான் வச்சலா. நான்தான் கலந்தேன். உனுக்கு நல்லது பண்றேன்னு..."

வச்சலா டப்பாவை மூடினாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"எனுக்கு ஒண்ணும் ஆவல."

"உனுக்கு இன்னா தெரியும்? டாக்டரம்மா சொல்லட்டும். தீனா, பைக்க எட்றா!"

"பைக்குல நான் வரமாட்டேன்."

"இன்னாது?"

"ஆட்டோ புடி. மெதுவாப் போற ஆட்டோ."

முன்பெல்லாம் தம்பியின் பைக்கில் பின்னால் ஐஸ் பெட்டியோடு தொற்றிக்கொண்டு வந்தவள். தேசப்பனுக்கு அது உறைக்கவில்லை. உங்களுக்கு உறைத்திருந்தால் சொல்லிவிடாதீர்கள். திருக்கழுக்குன்றம் வழியாக ஆட்டோ செங்கல்பட்டுக்குப் போய்ச் சேரட்டும்.

6

கோதை டப்பாவை வெள்ளைத் தாளில் கவிழ்த்தார். பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். இரண்டு மஞ்சளும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் ஒரு வகையில் நடுவே மயிரிழைக் கோடு ஒன்று ஓடியது. கோடு உள்ளது வார மாத்திரை. கோடு இல்லாதது சத்து மாத்திரை.

நானும் எண்ணினேன். என் ஸ்டூல் மேசையிலிருந்து இரண்டடி.

"வார மாத்திரை அட்டையில எத்தனை இருந்தது?"

"பத்து" என்றான் தேசப்பன். "முழு அட்ட. நான்தான் பிதுக்கினேன்."

பென்சில் கடைசி மாத்திரையைத் தள்ளியது. எட்டு. ஒன்பது. பத்து.

"பத்தும் இருக்கு. ஒண்ணுகூடப் போகலை."

தேசப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அதான் சொன்னேனே" என்றாள் வச்சலா. "கோடு போட்டது வேற, போடாதது வேற. நெத்திலியும் காரப்பொடியும் ஒரே சைஸுதான். நான் என்னிக்காவது கலந்து வித்துக்கீறனா?"

கோதைகூடச் சிரித்துவிட்டார். இங்கே முடித்திருக்கலாம். ஆபத்து வந்தது, விலகியது, அன்பு செய்த தப்பை மனைவியின் விரல் நுனி திருத்தியது. சிவராமுக்குப் பிடித்திருக்கும்.

தீனா கெடுத்தான்.

"இருங்க டாக்டர். மாமா பிதுக்குனது ஞாயித்துக்கெழம காலைல. அன்னிக்கு அக்கா நாலு மாத்திர போட்டிருக்கணுமே. அப்போ ஆறுதானே இருக்கணும்?"



தேசப்பன் தலையை நிமிர்த்தினான். "வச்சலா?"

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம நீ போடலியா?"

"இல்ல."

"அதுக்கு முந்தின வாரம்?"

"எட்டு மாசமாப் போடல."

7

எட்டு மாதம்.

வாசகரே, இந்த இடத்தில்தான் என் நோட்டில் பேனா வழுக்கி ஒரு கோடு இழுத்திருக்கிறது. அந்தக் கோட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். ஏனென்றால் அந்த அறையில் அப்போது நடந்தது நடக்க முடியாத ஒன்று.

தேசப்பன் எழுந்து அவள் வலது கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தான். எக்ஸ்ரேயில் கடிபட்ட நடுவிரல். ஒவ்வொரு கணுவாக அழுத்தினான். மருந்து இல்லாத எட்டு மாதத்தில் எத்தனை கடி விழுந்திருக்கும் என்று தேடினான். "வலிக்குதா? இங்க? இங்க?"

"வலிக்கல."

அவள் கையை விடுவித்து, மடக்கினாள். முழு முஷ்டி. விரல் நகங்கள் உள்ளங்கையைத் தொட்டன. இரண்டு வருடமாகப் பெட்டியில் கிடந்த கல்யாண மோதிரம் விரலில் இருந்தது. அது எப்போது ஏறியது என்றுகூட அவன் கவனிக்கவில்லை.

பூட்டிய அறை. உள்ளே கொலைகாரன். கட்டிப்போடும் மருந்து வெளியே, தாளில், பத்துக்குப் பத்து. ஆனாலும் எலும்பைத் தின்கிறவன் ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறான். யார் சொல்லி?

மூன்று விடைகள் எழுதிப் பார்த்தேன்.

அ) வேறு மருந்து. கோதை எட்டு மாதம் முன்பு ஒரு மிதமான மாத்திரைக்கு மாற்றியிருந்தார், அது வேலை செய்தது. உண்மையிலேயே மாற்றியிருந்தார், வச்சலா அதை மீன் கடையிலேயே வைத்துப் போட்டுவந்தாள். ஆனால் முதல் ஆறரை மாதம் வீக்கம் இருந்தது. அட்டையில் பல் தடம் அந்த மாதங்களுடையது. ஒன்றரை மாதம் முன்புதான் வடிந்தது. அப்போது மருந்து எதுவும் மாறவில்லை.

ஆ) நோய் தானே போய்விட்டது. எழுதிப் பார்த்தேன், கை கூசியது. எட்டு வாரம் தேடிய கொலைகாரன் ஊரைவிட்டே போய்விட்டான் என்று எழுதினால் வாசகர் பத்திரிகையை எறிவார்.

இ) வச்சலா பொய் சொல்கிறாள், ரகசியமாக வேறெங்கோ — [இந்த வரியை முடிக்க மனம் வரவில்லை. அந்த முஷ்டியைப் பார்த்தவன் முடிக்க மாட்டான்.]

"டாக்டரம்மா, உங்களுக்குத் தெரியுமா?" என்றான் தேசப்பன். கோபமாக ஆரம்பித்துக் கெஞ்சலில் முடிந்தது.

"தெரியும். அவங்க கேட்டாங்க, நான்தான் நிறுத்தினேன். ஏன்னு அவங்கதான் சொல்லணும்." கோதை நாற்காலியை வச்சலா பக்கம் திருப்பினார். "சொல்றீங்களா?"

8

இங்கே என் வேலை முடிகிறது.

இதற்குப் பிறகு என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். கோதை தனியாகச் சொன்னது இதுதான். இப்படி அடங்குவது பல பெண்களுக்கு நடக்கிறது, எல்லோருக்கும் அல்ல. சில மாதங்களில் காவல் படை மறுபடி விழித்துக்கொள்வதும் சகஜம். அப்போது கோடு போட்ட மாத்திரை திரும்பத் தேவைப்படலாம். வச்சலா அந்தப் பத்து மாத்திரையையும் தூக்கி எறியாமல் வைத்திருந்ததும் அதனால்தான். ஏன் அடங்குகிறது? "கொஞ்சம் தெரியும் சார். முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது." பதினெட்டு வருடம் மூட்டுகளைப் பார்த்த டாக்டர் அதைச் சொன்னபோது அவர் குரல் கோயிலுக்குள் பேசுகிறவர் குரல் மாதிரி இறங்கியிருந்தது. எட்டாவது வார அத்தியாயத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கை மறுபடி வீங்குகிறதா, வீங்காமலே நிற்கிறதா, உங்கள் இஷ்டம். நான் எழுதப்போவதில்லை. சிவராமிடமும் வில்லன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் மறைத்துவிட்டேன். தேசப்பனுக்கும் வச்சலாவுக்கும் குழந்தை இல்லை என்பதை. இரண்டு முறை தங்கியது, இரண்டு முறையும் மூன்று மாதம் தாண்டவில்லை. கை வீங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான். "போதும், நீ இருந்தா போதும்" என்று தேசப்பன் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. அவளுக்கு மட்டும் போதவில்லை. எட்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகப் பஸ் ஏறி வந்து கோதையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வார மாத்திரை அந்த வாரமே நின்றது. அந்த மாத்திரையும் குழந்தையும் ஒரே உடம்பில் இருக்கக் கூடாது.

அறைக்குள் வச்சலா தேசப்பனின் கையைப் பிடித்தாள். அவன் விரல்கள் நசுங்கும் அளவுக்குப் பிடித்தாள். இரண்டு வருடமாக அவளால் முடியாத பிடி அது.

"வியாழக்கெழமயோட மூணு மாசம் தாண்டிச்சுய்யா. நாளைக்கு ஞாயித்துக்கெழம, வூட்ல வச்சு சொல்லலாம்னு இருந்தேன். உள்ள ஆள் வந்துகீது. அதுக்கோசரம்தான் உடம்புல கீற காவக்காரனுங்க கம்பக் கீழ வச்சிட்டானுங்களாம், டாக்டரம்மா சொல்லிச்சு."